1,380 டாலர் கட்டணமும் 20 ஆயிரம் டாலர் பட்டியலும்

அன்புள்ள ஐயா,

கம்யூனிட்டி கல்லூரி (அமெரிக்காவின் இரண்டு ஆண்டுப் பொதுக் கல்லூரி) என்றால் செலவு குறைவு என்று நம்பி மகளை அங்கே அனுப்ப முடிவெடுத்தீர்கள். கல்லூரியின் செலவுப் பட்டியலில் ஆண்டுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் டாலர் என்றிருப்பதைப் பார்த்ததும் கலங்கிவிட்டீர்கள். வேலை போய் நான்கு மாதம் ஆகிய நிலையில் அந்தக் கலக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் கல்லூரி உங்களிடம் கேட்கும் தொகை அதுவல்ல.

கலிபோர்னியாவில் ஓராண்டுக்கு மேல் குடியிருப்பவர்களுக்குக் கம்யூனிட்டி கல்லூரிக் கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். ஆண்டுக்கு 30 யூனிட் படித்தால் 1,380 டாலர். அதோடு சில சிறு கட்டணங்கள். பட்டியலின் பெரும்பகுதி சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து, புத்தகம் ஆகியவற்றுக்கான மதிப்பீடு. மகள் உங்களோடு வீட்டிலிருந்து போய் வந்தால், அதில் பாதிக்கு மேல் நீங்கள் ஏற்கெனவே செய்துவரும் வீட்டுச் செலவுதான். மதிப்பீடு உயர்வாக இருப்பது ஒரு வகையில் நல்லதும்கூட. உதவித்தொகைக்கான தேவையை அந்த எண்ணிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது நிகரச் செலவு: மொத்த மதிப்பீட்டிலிருந்து திருப்பித் தர வேண்டாத உதவிகளைக் கழித்தால் மிஞ்சுவது. கழிக்கும்போது கடனைச் சேர்த்துவிடாதீர்கள். கல்லூரி அனுப்பும் உதவிக் கடிதத்தில் மானியம், பகுதிநேர வேலை, மத்திய அரசுக் கடன் எல்லாம் ஒரே பட்டியலில் வரக்கூடும். கீழே உள்ள கூட்டுத்தொகையைப் பார்த்து மகிழ்ந்துவிடுகிற பெற்றோரைப் பார்த்து நான் மிகவும் வருந்துகிறேன். மானியத்தை ஏற்றுக்கொண்டு கடனை மட்டும் மறுக்கலாம். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் கடன் தேவைப்படாது என்பதே என் கருத்து.

இனி ஃபாஃப்சா (FAFSA), அதாவது மத்திய அரசின் மாணவர் உதவிக்கான விண்ணப்பம். "எங்கள் சம்பளத்துக்கு எதுவும் கிடைக்காது" என்று நம்மவர்கள் பலர் அதை நிரப்புவதே இல்லை. நீங்களும் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிரப்புங்கள். இங்குள்ள பல கம்யூனிட்டி கல்லூரிகள், முதல்முறையாகச் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இரண்டு ஆண்டுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. ஆனால் விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பும் ஓய்வூதியக் கணக்கில் உள்ள சேமிப்பும் சொத்துக் கணக்கில் வராது. மகளிடம் கிரீன் கார்டு இருப்பதால் அவள் தகுதி உடையவள்; பெற்றோரின் குடியேற்ற நிலை அதைப் பாதிக்காது. (எச்-1பி வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் உதவி கிடைக்காது. அவர்களுக்கு வேறு கணக்கு.)

உங்கள் விஷயத்தில் முக்கியமான இடம் இதுதான். விண்ணப்பம் பழைய வருமானத்தைப் பார்க்கிறது: 2026–27 கல்வியாண்டுக்கு 2024ஆம் ஆண்டின் வரிக் கணக்கு. அப்போது நீங்கள் முழுச் சம்பளம் வாங்கினீர்கள். அதனால் முதலில் வரும் முடிவு சாதகமாக இராது. அதோடு நின்றுவிடாதீர்கள். குடும்பச் சூழல் மாறியிருந்தால் கணக்கைத் திருத்தும் அதிகாரம் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்குச் சட்டப்படி உண்டு. வேலை நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையின்மைப் படிக்கான சான்று ஆகியவற்றோடு நிலைமையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வேலை போனதைச் சொல்ல நீங்கள் கூச்சப்படுவது உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அந்த அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் வரும் மனு, கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர்களின் முடிவே இறுதியானது, மத்திய அரசின் கல்வித் துறையிடம் மேல்முறையீடு கிடையாது. ஆகவே தாள்களை முழுமையாகக் கொடுங்கள்.

திருத்தத்துக்குப் பிறகு பெல் கிராண்ட் என்ற, திருப்பித் தர வேண்டாத மத்திய அரசு மானியம் கிடைக்கலாம். 2025–26இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். கட்டணம் ஏற்கெனவே தள்ளுபடியாகியிருந்தால் அந்தப் பணம் புத்தகத்துக்கும் பயணத்துக்கும் மகள் கைக்கே வரும். அவள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: பருவத்தின் 60 சதவீதம் முடிவதற்குள் எல்லா வகுப்புகளையும் விட்டுவிட்டால் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரும். மதிப்பெண் சராசரி 2.0க்குக் கீழே தொடர்ந்து இறங்கினாலும் உதவி நிற்கும். அதனால்தான், முதல் பருவத்திலேயே ஆறு பாடம் எடுத்து விரைவாக முடித்துவிடலாம் என்று நீங்கள் எழுதியிருப்பது எனக்கு உடன்பாடில்லை.

இந்த வாரமே மகள் தன் பெயரில் மத்திய அரசின் மாணவர் உதவித் தளத்தில் கணக்குத் தொடங்கட்டும். நீங்களும் தனிக் கணக்குத் தொடங்க வேண்டும். கணவனும் மனைவியும் கூட்டாக வரி செலுத்துவதால் ஒருவர் தொடங்கினால் போதும். கலிபோர்னியாவின் முதன்மைக் கெடு மார்ச் 2. உதவிக் கடிதம் வந்ததும், ஏற்றுக்கொள்வதாக எதிலும் சொடுக்குவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். எது மானியம், எது கடன் என்று சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.