சித்திர ரீச்சர் பதில்கள்: கலண்டரில் இல்லாத தாமரை

கேள்வி: மகள் சாதாரண தரத்துக்குச் சித்திரம் எடுத்திருக்கிறாள். போனில் வரும் சுவாமிப் படங்களைப் பார்த்துப் பார்த்துக் கீறுகிறாள். புராணமும் இயற்கையும் கலந்து கீறிய நம் காலத்து இந்திய ஓவியர் ஒருவரை அவளுக்குக் காட்ட ஆசை. யாரைப் பார்க்கச் சொல்லட்டும்?
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: ஏ. இராமச்சந்திரனைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த 'ஏ.'யை விட்டுவிட்டுத் தேடினால் எம்.ஜி.ஆர். வந்து நிற்பார், கவனம்.

1935இல் கேரளத்து ஆற்றிங்கலில் பிறந்தவர். முதலில் படித்தது மலையாள இலக்கியம். கர்நாடக சங்கீதமும் தெரியும், வானொலியில் பாடியிருக்கிறார். அப்புறம்தான் தாகூரின் சாந்திநிகேதன் போய்ச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் போன்றவர்களிடம் ஓவியம் பயின்றார். தில்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தில் பல வருடம் படிப்பித்தார். 2005இல் பத்மபூஷண் கிடைத்தது. 2024 பெப்ரவரியில் காலமானார். விபரம் இவ்வளவும் போதும், படத்துக்கு வருவோம்.

'யயாதி' என்றொரு படைப்பு. கிழப்பருவம் சாபமாக வந்ததும் மகன் பூருவிடம் இளமையைக் கடன் கேட்டானே, மகாபாரதத்து அரசன், அவன் கதை. 1984 தொடக்கம் 1986 வரை செய்தார். 12 துண்டுகள், சேர்த்து வைத்தால் 60 அடி நீளம், 8 அடி உயரம். கூடவே 13 வெண்கலச் சிற்பங்கள். பார்க்கிறவர் நடுவில் நிற்க, படம் கோயில் சுவர் மாதிரிச் சுற்றி நிற்கும். விடியல், மதியம், அந்தி என்று ஒரு நாள் ஓடி முடியும்போது ஒரு மனிதனின் ஆயுளும் ஓடி முடியும். சிறுவயதில் கோயில் சுவரோவியங்களைப் பார்த்து வளர்ந்தவர் என்பது இதிலே நன்றாகத் தெரியும். ஆனால் படத்தில் வரும் பெண்களுக்கு அவர் தேவலோகத்தில் ஆள் தேடவில்லை. ராஜஸ்தானில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் இரும்பு வேலை செய்யும் லோகார் சமூகத்துப் பெண்களைப் பார்த்துக் கீறினார்.

பிறகு உதயப்பூர்ப் பக்கத்துத் தாமரைக் குளங்கள். வருடா வருடம் போய்க் கரையில் இருந்து கீறுவார். ஒரே குளம், வேறு வேறு பொழுது, வேறு வேறு பருவம். மொட்டும் பூவும் மட்டும் அல்ல, சுருண்ட இலை, முறிந்த தண்டு, பூ உதிர்ந்தபின் நிற்கும் பொகுட்டு எல்லாம் வரும்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் 31 வருடம் சித்திரம் படிப்பித்தவள். ஒருமுறை பரீட்சைக்குத் 'தாமரைத் தடாகம்' என்று கொடுத்தேன். ஒரு பெடியன் ஓரம் பழுத்து ஓட்டை விழுந்த இலைகளாகவே தாள் முழுக்கக் கீறியிருந்தான். பூ ஒன்றே ஒன்று, அதுவும் மூலையில். "தாமரை எங்கே?" என்று சிவப்புப் பேனையால் எழுதி 38 புள்ளி போட்டேன். எத்தனையோ வருடம் கழித்து, தில்லியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் கொண்டுவந்த புத்தகத்தில் இராமச்சந்திரனின் குளத்தைப் பார்த்தபோதுதான் அந்தப் பெடியன் நினைவுக்கு வந்தான். அவன் குளத்தைப் பார்த்துக் கீறியிருக்கிறான். நான் கலண்டரைப் பார்த்துப் புள்ளி போட்டிருக்கிறேன். லக்ஷ்மி நிற்கும் கலண்டர்த் தாமரைக்கு இலையும் இல்லை, சேறும் இல்லை.

மகளை ஒரு காலைப் பொழுது பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். நீரோடு ஒட்டிக் கிடக்கும் இலை அல்லி, அதில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். தண்ணீருக்கு மேலே எழும்பி, குடை கவிழ்ந்த மாதிரி நிற்பது தாமரை, அதில் வெட்டு இல்லை. கண்ணில் படுவது எது என்று அவளே சொல்லட்டும். சுவாமியைப் பிறகு கீறலாம்.

கேள்வி: நீங்கள் முன்பு ஒரு இதழிலும் இதே ஓவியரைப் புகழ்ந்தீர்கள். 1984இல் தில்லியில் சீக்கியருக்கு எதிராக நடந்த கலவரத்தைக் கண்ணால் கண்டவர் என்று வாசித்தேன். அதற்குப் பிறகு தாமரையும் அழகிகளும் கீறுவது தப்பி ஓடுவது இல்லையா?
– ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கேட்கவேண்டிய கேள்வி. அவர் தாமரையில் தொடங்கிய ஆள் இல்லை. மாணவனாக இருந்தபோது கல்கத்தாவில் அகதிகளைப் பார்த்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது வருடம் அவர் கீறியது தலையில்லாத உடல்கள், முறுக்கிய சதை, வன்முறை. 84இல் அது வாசலுக்கே வந்தபோது, உண்மையான சாவுக்கு முன்னால் தன் படங்கள் என்ன என்று ஆகிவிட்டது அவருக்கு. வேறு பக்கம் திரும்பினார்.

எனக்கு அது விளங்குகிறது. 83 ஜூலையில் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் ஒன்றில் போட்ட அகதி முகாமில் சீமெந்துத் தரையில் இருந்தோம். யாரோ ஒரு மாமி தந்த பென்சில் துண்டால், பிஸ்கட் பெட்டி மட்டையில், எங்கள் வீட்டு முருங்கை மரத்தைக் கீறினேன். புகையைக் கீறவில்லை. புகை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. முருங்கை இனி இருக்குமோ என்றுதான் பயம். காயிருந்த கிளையை எண்ணி எண்ணிக் கீறியது நினைவிருக்கிறது. அம்மா அந்த மட்டையைப் பார்த்துத்தான் முதல்முறை அழுதார்.

அதைத் தப்பி ஓடியது என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஒன்று மட்டும்: அவருடைய குளத்தில் அழகு இருக்கிற அளவு அழுகலும் இருக்கிறது. நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: இராமச்சந்திரன் தெய்வக் கதைப் படத்துக்குள் தன் முகத்தையே பூச்சியாகவும் ஆமையாகவும் கீறி வைத்தாராமே, இது மரியாதையா?
– ஒரு வாசகி, தெஹிவளை

பதில்: தன்னைச் சுவாமியாகக் கீறினால் கோபிக்கலாம். மூக்குக் கண்ணாடி போட்ட பூச்சியாக இலையில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற ஆளோடு என்ன கோபம்? கோயில் தூணின் அடியில் சிற்பி ஒரு பல்லியையோ குரங்கையோ செதுக்கிவிட்டுப் போவானே, அந்தக் குறும்பு. வீட்டுச் சின்னவர்களுக்கும் விளையாட்டாகச் சொல்லிக் கொடுங்கள், படத்தில் பூச்சியைத் தேடச் சொன்னால் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கும்.

கேள்வி: தில்லிக்குப் போக வசதி இல்லை. கொழும்பிலே இந்த மாதிரி ஏதும் உண்டா?
– ஒரு மாணவன், வத்தளை

பதில்: பொரளை கோதமி விகாரைக்குப் போங்கள். கண்டியில் பிறந்த ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939–40இல் சுவரில் கீறிய புத்தர் வரலாறு அங்கே இருக்கிறது. ராதையையும் கண்ணனையும் வாழ்நாள் முழுக்கக் கீறியவரும், அவர்கள் காதலைப் பாடும் வடமொழிக் காவியமான கீதகோவிந்தத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். கண் எவ்வளவு நீளம், ஒரு கோடு தோளில் தொடங்கி எங்கே போய் முடிகிறது என்று கவனியுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சனம் குறைந்த நேரத்தில் போங்கள். பிக்கு யாரும் இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போவது நல்லது. போனில் படம் எடுக்க அவசரப்படாதீர்கள். சின்னக் கொப்பியும் 2பி பென்சிலும் போதும், ஒரு கையை மட்டும் பார்த்துக் கீறிக்கொண்டு வந்து எனக்கு அனுப்புங்கள். 38 புள்ளி போடமாட்டேன்.