தூக்குத் தண்டனையும் சாட்சியமும்: வேலூர் குற்றவியல் வழக்கறிஞரின் கேள்வி பதில்

குடியாத்தம் வாசகர்: ஐயா, போலீசாரிடம் ஒப்புக்கொண்டால் தூக்கு உறுதிதானா?

இல்லை. சாதாரணச் சட்டப்படி போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதை வைத்துப் பொருள் எதையாவது கண்டெடுத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். பயங்கரவாதத்துக்கு எதிராகக் கொண்டுவந்த தடா சட்டம் இதைப் புரட்டிப்போட்டது. எஸ்.பி. எழுதிய வாக்குமூலமே சாட்சியமாயிற்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் நம் ஜோலார்பேட்டைப் பேரறிவாளன் 1991இல் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது வாக்குமூலம். எதற்கென்று தெரியாமல் வாங்கியதாக அவர் சொன்னதை எழுதாமல் விட்டேன் என்று, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் 2013இல் சொன்னார். விடுபட்டது ஒரே வாக்கியம்! அதற்குள் 2011 செப்டம்பர் 9 என்று வேலூர்ச் சிறையில் தூக்குக்கு நாளும் குறித்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத் தடைதான் காப்பாற்றியது. படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: உண்மை கண்டறியும் ஊசி?

சம்மதமில்லாமல் போடக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆம்பூர் வாசகர்: பாகப் பிரிவினையில் ஒரு சந்தேகம்.

சிவில் வழக்கறிஞரைப் பாருங்கள்.

காட்பாடி வாசகர்: அப்படியானால் பேரறிவாளன் நிரபராதி என்று தீர்ப்பா?

இல்லை. 2014இல் கருணை மனுத் தாமதத்தால் தண்டனை குறைந்தது, 2022இல் விடுதலை. நிரபராதி என்று நீதிமன்றம் அறிவிக்கவில்லை.

காட்பாடி வாசகர்: ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களுக்கு யார் பதில் சொல்வது?

அவர்களுக்காகத்தான் நானும் பேசுகிறேன். அந்த வழக்கில் 1998இல் விசாரணை நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்முறையீடு இல்லாதிருந்தால்? மகாராஷ்டிரக் கொலை வழக்கு ஒன்றில் ஆறு பேருக்குத் தூக்கு விதித்த உச்ச நீதிமன்றமே 2019இல் அவர்களை விடுவித்தது. உயிர் தப்பிய சாட்சி போலீஸ் படத்தொகுப்பில் வேறு நால்வரைக் காட்டியிருந்தார்; அவர்களை விசாரிக்கவே இல்லை. தவறான ஆளைத் தூக்கிலிட்டால் செத்தவருக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

ஆரணி வாசகர்: போலீசாரிடம் ஒப்புக்கொண்டால்?

முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படியுங்கள்.

ஆற்காடு வாசகர்: மகஜர் சாட்சியாக என் தம்பியைக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

போகட்டும். மகஜர் என்பது போலீசார் பொருளைக் கைப்பற்றியதை அந்த இடத்திலேயே சாட்சிகள் முன் எழுதும் பதிவு. பொருளை எடுக்கும் இடத்தில் நின்று, கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்து. நான் நடத்திய கொலை வழக்கு ஒன்றில் ஏரிக்கரைப் புதரில் கத்தி எடுத்ததாக மகஜர். குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி, "ஏரிப் பக்கமே போகவில்லை ஐயா, ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் கையெழுத்துப் போட்டேன்" என்றார். வழக்கே அந்தக் கத்தியில்தான் நின்றது. வெற்றுத்தாளை நீட்டினால் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.