கதவில் தொங்கிய பலகை

கேள்வி: கணவரின் வேலைக்காகக் கோவையிலிருந்து ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருக்கு நீலக் கார்டு, அதாவது படித்த வெளிநாட்டுப் பணியாளர்களுக்குத் தரும் விசா. மகனுக்கு 8 வயது, மகளுக்கு 4. கணவர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். மகன் பள்ளியில் வாயே திறப்பதில்லையாம். போன வாரம் யாரோ எங்கள் கதவில் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுப் பாட்டி படிக்கட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். வீடு, வங்கி, போன் எல்லாம் கணவர் பெயரில். நான் விருந்தாளி மாதிரி இருக்கிறேன். அம்மா தினமும் வீடியோ காலில் அழுகிறார். பிள்ளைகளோடு ஊருக்கே திரும்பிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பலகை. அதில் ‘கேர்வொஹெ’ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் படிக்கட்டையும் வாசலையும் வாரத்துக்கு ஒரு வீட்டார் முறைவைத்துப் பெருக்கித் துடைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். உங்கள் வாரம் முடிந்ததும் அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிட வேண்டியதுதான். பாட்டி சொன்னது அநேகமாக “இந்த வாரம் உன் முறை”தான். பாஷை புரியாத வரை எல்லாமே திட்டு மாதிரிதான் காதில் விழும். வாசல் தெளித்துக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? சனிக்கிழமை காலையில், பாட்டி கண்ணில் படுகிற மாதிரியே பெருக்குங்கள். ஒரு டப்பா மைசூர்பா கொடுத்தாலும் கிடைக்காத நல்ல பெயர் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையிலும் இரவு 10 மணிக்கு மேலும் கிரைண்டர், மிக்ஸி பக்கம் போகாதீர்கள். ஞாயிறன்று கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். மாவு, பால் எல்லாம் சனிக்கிழமையே.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது பாட்டி இல்லை, அந்த ‘விருந்தாளி’தான். எதிலுமே உங்கள் பெயர் இல்லாவிட்டால் வேறெப்படித் தோன்றும்? தபால் பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். அங்கே முகவரியில் பெரும்பாலும் கட்டட எண்ணோடு சரி, நம் ஊர் மாதிரி ஃபிளாட் நம்பர் எழுதுவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். நமக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டில் கணவருக்குக் கடைசியில் அவர் அப்பா பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர் என்று ஒரே வீட்டில் மூன்று இருக்கலாம். பெட்டியில் அவர் பெயர் மட்டும் இருந்தால் உங்கள் மருத்துவக் காப்பீட்டு அட்டை வந்த வழியே திரும்பிப் போய்விடும். வரி அடையாள எண்ணும் அப்படித்தான், தபாலில் வரும், பிள்ளைகள் உட்பட ஆளுக்கு ஒன்று. குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகை கேட்க அந்த எண்கள் வேண்டும். 2025இல் அது குழந்தைக்கு மாதம் 255 யூரோ. நீலக் கார்டில் வந்தவர்களுக்கும் உண்டு. தாமதமாக விண்ணப்பித்தால் ஆறு மாத பாக்கிதான் தருவார்கள். ஆகவே இன்றைக்கே எல்லாப் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்காரர் பித்தளைத் தகடு செய்துதரும் வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்து உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு. பிறகு ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலே என்னும் மக்கள் கல்விக்கூடத்தில் ஜெர்மன் வகுப்பு. தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் குறைவு, மாலையிலும் நடக்கும். அந்த மாலைகளில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது உங்கள் கணவரின் பொறுப்பு. இந்தப் பத்தியை அப்படியே அவரிடம் காட்டுங்கள். நீலக் கார்டுக்காரரின் மனைவி அங்கே வேலைக்குப் போகவும் தடையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

மகனைப் பற்றிக் கவலை வேண்டாம். புது மொழியில் விழுந்த பிள்ளைகள் சில வாரம், சில மாதம்கூடப் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். “இன்னைக்காவது பேசினியா?” என்று தினமும் குடையாதீர்கள். மதியம் யாரோடு சாப்பிட்டான் என்று கேளுங்கள். ஜெர்மன் வரட்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிடாதீர்கள். மகளுக்குக் கிட்டா என்னும் மழலையர் பள்ளியில் இடம் கிடைத்தால், முதல் சில நாள் உங்களையும் கூடவே உட்காரச் சொல்வார்கள். முகம் சுளிக்காமல் போங்கள். அங்கே உட்காரும் மற்ற அம்மாக்களும் புதுசுதான்.

அம்மாவிடம் பேசுங்கள், ஆனால் எழுந்ததும் வேண்டாம். குளிர்காலத்தில் நான்கரை மணி நேர வித்தியாசம். உங்களுக்குக் காலை 10 என்றால் கோவையில் பிற்பகல் 2.30, சாப்பிட்டு ஓய்வாக இருப்பார். அதற்குள் நீங்களும் ஒருமுறை வெளியே போய்வந்திருப்பீர்கள், சொல்ல ஏதாவது இருக்கும்.

திரும்புவதா என்ற கேள்வியை ஏப்ரல் வரை எடுக்காதீர்கள். டிசம்பரில் மாலை நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு அல்ல இது. ஏப்ரலிலும் இதே மனசாக இருந்தால் திரும்புவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எனக்கு எழுதுங்கள். அதற்கு முன், பிள்ளைகள் நன்றாக இருக்கும்போதே பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் பதிந்துவையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் இடம் கிடைப்பது கஷ்டம். இரவு நேரத்தில் மருத்துவர் வேண்டுமானால் 116117க்கு, உயிர் அவசரத்துக்கு 112க்குப் போன் செய்யுங்கள். இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.