அழகுப் பனை விதை ஏன் முளைக்க மாட்டேன் என்கிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தபாலில் வாங்கிய அரேகா பாம் (தொட்டியில் வளர்க்கும் அழகுப் பனை) விதைகளை ஊன்றி நான்கு மாதம் ஆகிறது. ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. நல்ல வெயில் படும் இடத்தில்தான் தொட்டி இருக்கிறது.

விதை உங்கள் கைக்கு வரும்போதே செத்திருக்க வாய்ப்பு அதிகம். தக்காளி, மிளகாய் விதையைக் காயவைத்து டப்பாவில் போட்டு வைக்கலாம். மழைக்காட்டுப் பனைகளின் விதைக்கு அது ஆகாது. ஈரம் வற்றினால் உள்ளே இருக்கும் கரு சுருங்கிவிடும், அப்புறம் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பிழைக்காது.

இரண்டு விதையைத் தோண்டி எடுத்து வெட்டிப் பாருங்கள். பருப்பு வெளுப்பாக, கெட்டியாக இருந்தால் இன்னும் காத்திருக்கலாம். பழுப்பேறி நாற்றம் அடித்தால் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிடும் வழக்கத்தை நான் முழுசாக நம்புவதில்லை. மிதக்கும் விதையும் சில சமயம் முளைக்கும்.

அடுத்த முறை தெரிந்தவர் தோட்டத்தில் பழுத்த பழமாகவே கேட்டு வாங்குங்கள். சதையை நீக்கி, ஓரிரு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும். தள்ளிப்போடத்தான் வேண்டும் என்றால், லேசாக ஈரமாக்கிய தென்னை நார்த்தூளோடு பாலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜ் மட்டும் கூடாது.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. விதைக்கு வேண்டியது சூடுதான், நேர் வெயில் அல்ல. மண் 27 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலான வெப்பமண்டலப் பனைகள் நன்றாக முளைக்கும். நேர் வெயிலில் மேல்மண் தினமும் காயும், காய்ந்து காய்ந்து நனைவது முளைக்கு எமன். நிழலான, கதகதப்பான மூலையே போதும். புது அரேகா விதை அங்கே பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் தலைகாட்டும். பார்லர் பாம் என்ற குட்டிப் பனை இன்னும் சோம்பேறி. விசிறி இலை லிகுவாலாவுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம்.

விதையை உப்புத்தாளில் தேய்த்து, ஹார்மோனில் ஊறவைத்தால் சீக்கிரம் முளைக்குமா?

வெறும் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறவையுங்கள், தினமும் தண்ணீரை மாற்றுங்கள். சின்ன பனைகளுக்கு அதற்கு மேல் தேவைப்படாது. தேய்க்கப் போனால் கருவைக் காயப்படுத்திவிடுவோம். ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோனில் ஊறவைத்தால் நாற்று நெடுநெடுவென்று வளர்ந்து, நிற்கத் தெம்பில்லாமல் சாயும்.

ஃபிஷ்டெயில் பாம் பழத்தைக் கையால் பிசைந்தேன். இரவெல்லாம் அரிப்பு. விஷமா?

பயப்பட வேண்டாம். அந்தச் சதையில் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் ஊசி ஊசியாக இருக்கும், அவை தோலில் குத்துவதால் வரும் அரிப்புதான். பழங்களைச் சில நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் சதை தானே இளகும். பிறகு கையுறை போட்டுக்கொண்டு சல்லடையில் தேய்த்துக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடாதீர்கள். அரிப்புக்குப் பயந்து சதையோடு அப்படியே ஊன்றினால் பூஞ்சை பிடிக்கும், முளைப்பும் தாமதமாகும்.

குட்டி ஈச்சை (ரோபெலினி) விதைத்த தொட்டியில் புல் மாதிரி ஒன்று வந்திருக்கிறது. அதுவும் விதை போட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி. பிடுங்கிவிடவா?

பிடுங்காதீர்கள், அது உங்கள் ஈச்சையாகவே இருக்கலாம். ஈச்சை இனத்தின் முதல் இலை பிளவில்லாமல் நாடா போலத்தான் வரும். சிறகு இலை வர இன்னும் பல இலைகள் தாண்ட வேண்டும். அரேகாவிலும் பார்லர் பாமிலும் முதல் இலையே பிளந்திருக்கும், அதனால் அங்கே குழப்பம் இல்லை. இடம் தள்ளி வந்ததும் சரியே. ஈச்சை விதை முதலில் ஒரு தண்டை மண்ணுக்குள் இறக்கும், அதன் நுனிப் பக்கமிருந்துதான் செடி கிளம்பும்.

சந்தேகம் இருந்தால் பக்கத்து மண்ணை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். விதையோடு இணைப்பு தெரியும். அந்த விதையைக் கிள்ளி எறிந்துவிடாதீர்கள். தேங்காயோடு ஒட்டி நிற்கும் தென்னம்பிள்ளை போல, நாற்று மாதக்கணக்கில் அதிலிருந்துதான் சாப்பிடுகிறது. அதனால் ஆரம்பத்தில் உரமும் வேண்டாம்.

என் பார்லர் பாம் வருடா வருடம் பூக்கிறது, காய்ப்பதே இல்லை. விதை எடுக்க ஆசை.

பார்லர் பாமில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒற்றைச் செடி பூக்குமே தவிர விதை தராது. எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை சொல்ல முடியாது, ஆகவே நாலைந்து செடி வளர்ப்பதே வழி. வீட்டுக்குள் என்றால் மெல்லிய தூரிகையால் மகரந்தத்தை நீங்களே எடுத்துத் தடவ வேண்டும். ரோபெலினிக்கும் இதே கதை. அரேகாவில் இரண்டு பூவும் ஒரே குலையில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

நாற்றை எப்போது பிரித்து நடலாம்?

ஒன்றிரண்டு இலை விரிந்ததும். வேர்கள் பின்னிக்கொண்ட பிறகு பிரித்தால் அறுந்துவிடும். அகலத்தைவிட ஆழம் கூடுதலான தொட்டி எடுங்கள். தண்டின் அடி முன்பு எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் குருத்து அழுகும். பனைக்கு ஒரு தண்டுக்கு ஒரே குருத்துதான், அது போனால் அந்தத் தண்டு போயிற்று.