வான்கோழி வேட்டையில் கொசு, உண்ணித் தொல்லைக்கு என்ன வழி?

ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலக் காட்டில் வான்கோழி வேட்டைக்குப் போகிறேன், பூச்சிக்கடியை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வான்கோழிக்கு மோப்ப சக்தி குறைவு, கண்தான் படுகூர்மை. அதனால் மருந்து வாடையைப் பற்றிக் கவலை வேண்டாம். கொசுவை அடிக்கக் கையை ஓங்கினால்தான் காரியம் கெடும்.

கொசுவைவிட உண்ணிக்குத்தான் நான் பயப்படுவேன். அங்கே சாதாரணமாகக் காணப்படும் ‘லோன் ஸ்டார்’ உண்ணி கடித்தால், சிலருக்கு மாட்டிறைச்சி, பன்றியிறைச்சியே ஒவ்வாமல் போய்விடும். 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைச் சட்டை, பேன்ட், காலணி மேல் முதல் நாளே தெளித்து நன்றாகக் காயவிடுங்கள். தோலில் படக்கூடாது. வீட்டில் பூனை இருந்தால், ஈரம் காயும்வரை அதை அண்டவிடாதீர்கள். பேன்ட்டைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தாலும் சரி.

தோலுக்கு 20 சதவீத பிகாரிடின் என்ற பூச்சிவிரட்டி போதும். டீட் (DEET) என்ற விரட்டியும் நன்றாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். தடவிய கையோடு பைனாகுலரைத் தொடாதீர்கள்.

திரும்பியதும் குளித்து, அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் தடவிப் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால், மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். உண்ணியைத் தீக்குச்சியால் சுடும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.