ஷெல் ஸ்கிரிப்டில் இல்லாத வரியில் பிழை காட்டுகிறதே, எப்படித் தேடுவது?

உங்கள் கோப்பில் இருப்பது 42 வரிகள். ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் ஷெல் நிரலான பாஷ் 43ஆம் வரியில் "எதிர்பாராத கோப்பு முடிவு" என்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடிவரியில் முட்டிக்கொள்ளாதீர்கள். எர்ணாவூரில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றால் கோளாறு எர்ணாவூரிலா இருக்கும்? சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் இருக்கும். அதுபோல மேலே எங்கோ நிபந்தனையைத் தொடங்கும் ஓர் 'இஃப்' திறந்து, 'ஃபி' போட்டு மூடப்படாமல் கிடக்கிறது. மேற்கோள் குறி விட்டுப்போயிருந்தால் "பொருந்தும் குறியைத் தேடியபோது" என்று செய்தியே சொல்லிவிடும்.

எல்லா 'ஃபி'யும் சரியாக இருக்கிறதா? அப்படியென்றால் கோப்பு விண்டோஸ் கணினிக்குப் போய்வந்ததா என்று பாருங்கள். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டின் சர்வர்களைக் கவனிக்கிறேன். இங்கே வரும் புகார்களில் முக்கால்வாசி இதுதான். யாராவது அங்கே ஓர் எடிட்டரில் திறந்து ஒரு கோப்புப் பாதையை மாற்றி, விண்டோஸ் பாணி வரி முடிவுகளோடு சேமித்து அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கேரியேஜ் ரிட்டர்ன் என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொள்ளும். உங்கள் கண்ணுக்கு அது 'ஃபி'. ஷெல்லுக்கு அது வாலோடு கூடிய வேறு ஏதோ ஒரு சொல். கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையுடன் -ஏ (பெரிய எழுத்து) சேர்த்துக் கோப்பைப் பாருங்கள். வரி முடிவில் டாலர் குறி மட்டும் இருந்தால் நல்லது. அதற்கு முன்னால் கூரைக் குறியும் எம் எழுத்தும் நின்றால் ஆள் அகப்பட்டுவிட்டான். டாஸ்-டு-யுனிக்ஸ் கருவி ஒரே நொடியில் சுத்தம் செய்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பாஷ் கோப்பு முழுவதையும் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. படிக்கப் படிக்கவே செய்துகொண்டு போகும். 30ஆம் வரியில் பிழை இருந்தால் அதற்கு முந்தைய வரிகள் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். பழைய பதிவுகளை அழிக்கும் கட்டளை முதலிலும் புதியதை நகலெடுக்கும் கட்டளை பின்னாலும் இருந்தால் கதை முடிந்தது. எனவே ஓட்டும் முன் பாஷ் கட்டளையுடன் -என் (சிறிய எழுத்து) சேர்த்து ஒரு முறை சோதியுங்கள். எதையும் செய்யாமல் இலக்கணத்தை மட்டும் பார்க்கும். ஆனால் மாறியின் பெயருக்கும் சமக் குறிக்கும் நடுவே விட்ட இடைவெளியை அது கண்டுகொள்ளாது, ஏனெனில் ஷெல்லின் கணக்கில் அது இலக்கணப் பிழையே அல்ல. அந்தப் பெயரில் ஒரு கட்டளை இருப்பதாக எடுத்துக்கொள்ளும். அதற்கு ஸ்கிரிப்டை அலசிப் பார்க்கும் ஷெல்செக் கருவிதான் சரி.

உபுண்டுவில் ஸ்கிரிப்டை எஸ்எச் என்று அழைத்து ஓட்டுகிறீர்களா? 2006இல் வந்த 6.10 முதல் அங்கே எஸ்எச் என்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறொரு ஷெல். அரே (மதிப்புகளின் பட்டியல்) எழுதிய வரியில் "அடைப்புக்குறி எதிர்பாராதது" என்று நின்றுவிடும்; முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருந்தாலும் அதைப் பொருட்படுத்தாது. பாஷ் என்றே அழையுங்கள்.