கேள்வி-பதில்: பரிசோதனைக்குக் காசு கட்ட முதல்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றியவை. பதில்கள் கோவிட் காலத்தில், 2022 மார்ச் முதல் வாரத்தில் இருந்த விதிகளின்படி எழுதப்பட்டவை; அந்தக் கோவிட் பயண விதிகள் பின்னர் நீக்கப்பட்டுவிட்டன. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. ரிக்கற் எடுக்க முதல் ஒருதரமும், புறப்பட மூன்று நாள் இருக்கையில் இன்னொருதரமும், போகும் நாட்டு அரசின் இணையத்தளத்தை நீங்களே திறந்து பாருங்கள். முகவர் சொன்னார், லண்டனில் இருக்கிற மச்சான் சொன்னார் என்று விமான நிலையத்தில் சொல்லிப் பயனில்லை.

அம்மா வெள்ளி இரவு கட்டுநாயக்கவில் ஏறி, துபாயில் விமானம் மாறி ரொறன்ரோ போகிறா. புறப்பட முதல் 72 மணித்தியாலத்துக்குள் எடுத்த பிசிஆர் கோவிட் சோதனை கட்டாயம் என்று சொல்லி, "அவசர அறிக்கை"க்கு முகவர் 11,000 ரூபா கேட்கிறார். அந்த 72 மணித்தியாலத்தை எதிலிருந்து எண்ணுவது? (கோண்டாவில்)

கனடாவுக்கு நேரே போகும் கடைசி விமானம் புறப்படக் குறித்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கட்டுநாயக்க நேரம் கணக்கில் இல்லை. துபாயிலிருந்து ரொறன்ரோ விமானம் அங்கத்தைய நேரப்படி சனி அதிகாலை 3.30க்கு என்றால், நமது நேரப்படி அது காலை 5 மணி. ஆகவே புதன் காலை 5 மணிக்குப் பிறகு மூக்கில் மாதிரி எடுத்திருக்க வேண்டும். மாதிரி எடுத்த நேரம்தான் கணக்கு, அறிக்கை அச்சான நேரம் அல்ல.

புதன் காலை 8 மணிக்கு யாழ்ப்பாணத்தில் கொடுத்தால், வியாழன் இரவு பஸ் ஏற முதல் அறிக்கை கையில் இருக்க வேண்டும். மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதிக்கிற இடமா, இங்கேயே சோதிக்கிற இடமா என்று முதலில் கேளுங்கள். அனுப்புகிற இடமென்றால், எத்தனை மணிக்கு வாகனம் புறப்படுகிறது என்பதையும் கேளுங்கள். அந்த வாகனம் போன பிறகு கொடுத்த மாதிரி ஒரு நாள் பிந்தும்.

ஆனால் அம்மாவுக்குப் பிசிஆரே தேவையில்லை. 2022 பெப்ரவரி 28 முதல், புறப்படும் நாளிலோ அதற்கு முதல் நாளிலோ எடுத்த அன்ரிஜன் அறிக்கையையும் கனடா ஏற்கிறது. ஆய்வுகூடத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். வெள்ளி காலை நீர்கொழும்பிலோ கொழும்பிலோ எடுத்தால் போதும். 2021 ஆகஸ்டில் வந்த வர்த்தமானிப்படி தனியார் இடங்களில் பிசிஆருக்கு ஆகக்கூடியது 6,500 ரூபா, அன்ரிஜனுக்கு 2,000 ரூபா. 11,000 கேட்பவரிடம் சோதனைக்கு எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதிய பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.

டீசல் வரிசைகள் நீளும் இந்த நாட்களில் வெள்ளி காலை புறப்பட்டு இரவு விமானத்தைப் பிடிக்க நினைக்க வேண்டாம். முதல் நாள் இரவே வெளிக்கிடுங்கள்.

அமெரிக்காவுக்குப் புறப்பட முதல் ஒரு நாளுக்குள் சோதிக்க வேண்டுமாம். "ஒரு நாள்" என்றால் 24 மணித்தியாலமா? (மானிப்பாய்)

இல்லை. நாட்காட்டி நாள். செவ்வாய் இரவு விமானம் என்றால் திங்கள் காலை எடுத்த அறிக்கையும் செல்லும். கனடாவைப்போல் கடைசி விமானத்திலிருந்து எண்ண வேண்டாம். ஒரே பதிவில் எடுத்த ரிக்கற்றாக இருந்து, இடையில் காத்திருப்பது 24 மணித்தியாலத்துக்குக் குறைவென்றால், முதல் விமானத்திலிருந்து எண்ணுங்கள்.

மருந்துக்கடையில் வாங்கிய அன்ரிஜன் பெட்டியால் வீட்டில் சோதித்து, படம் எடுத்து வைத்திருக்கிறேன். கனடாவுக்குப் போதுமா? (நெல்லியடி)

செல்லாது.

தம்பி அனுப்பிய இணைப்பில் பிரித்தானியப் பயணிப் படிவத்தை நிரப்பினேன். அட்டையிலிருந்து 45 பவுண் போய்விட்டது. (சுன்னாகம்)

அந்தப் படிவம் முற்றிலும் இலவசம். அரசின் பக்கம்போல வடிவமைத்து இப்படிக் காசு பிடுங்குகிறார்கள், நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். இன்றே வங்கியின் அட்டைப் பிரிவுக்கு அழைத்து அட்டையை நிறுத்துங்கள், அந்தக் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பிறகு பிரித்தானிய அரசின் சொந்த முகவரியில், அங்கு இறங்குவதற்கு முன்னுள்ள மூன்று நாட்களுக்குள், புதிதாக நிரப்புங்கள். கனடாவுக்குப் போகிறவர்கள் இணையத்தில் நிரப்பும் அரைவ்கான் படிவமும் இலவசம்தான்.

சாவகச்சேரியில் இரண்டு சினோபாம் தடுப்பூசி போட்டேன். மகளின் பிரசவத்துக்குப் பரிஸ் போக வேண்டும். ஏற்கமாட்டார்கள் என்கிறார்கள். (சாவகச்சேரி)

பயப்படாதீர்கள், வழி இருக்கிறது. சினோபாம் இரண்டை மட்டும் பிரான்ஸ் ஏற்காது. அதற்கு மேல் பைசர் அல்லது மொடேர்னா ஒன்று போட்டு ஏழு நாள் கழிந்தால் முழுத் தடுப்பூசி பெற்றவராக எடுத்துக்கொள்ளும். இங்கே மூன்றாவதாகக் கொடுப்பது பைசர்தான். அதைப் போட்டு, மூன்று ஊசியும் ஒரே சான்றிதழில் வரும்படி பாருங்கள். 2022 பெப்ரவரி 12 முதல், இப்படிப் போட்டவர்களுக்குப் புறப்பட முதல் சோதனையும் கிடையாது.

பிரித்தானியா 2021 நவம்பர் 22 முதலும் கனடா நவம்பர் 30 முதலும் சினோபாமை ஏற்கின்றன. ஜெர்மனி ஐரோப்பிய மருந்து முகமை அனுமதித்த ஊசிகளை மட்டுமே எண்ணுகிறது. பரிஸிலிருந்து ஜெர்மனியில் உள்ள உறவினரிடம் போக எண்ணம் இருந்தால் அதைத் தனியாக விசாரியுங்கள்.

ஊசி அட்டையில் "க. மகேஸ்வரி", பிசிஆர் அறிக்கையில் "மகேஸ்வரி கே", கடவுச்சீட்டில் கந்தையா மகேஸ்வரி. விமான நிலையத்தில் ஒரு மணித்தியாலம் மறித்து வைத்தார்கள். இது யார் பிழை? (உரும்பிராய்)

முதல் பிழை எழுதியவருடையது. அதைப் பார்க்காமல் வாங்கி வந்தது அடுத்தது. இதைப் பற்றி எத்தனை தரம் எழுதினாலும் எனக்கு ஆறவில்லை. நமது பெயர்களில் தகப்பன் பெயர் ஓரிடத்தில் முன்னெழுத்தாகவும், ஓரிடத்தில் முழுமையாக முன்னாலும், ஓரிடத்தில் பின்னாலும் வருகிறது. விமான நிறுவனத்தின் கருமபீடத்தில் நிற்பவருக்கு இது மூன்று ஆட்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் திருப்பிக் கொண்டுவருகிற பொறுப்பு அவருடைய நிறுவனத்தின் தலையில் விழும்.

ஆகவே ஆய்வுகூடத்தில் பெயரை வாயால் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கப் பிரதியைக் கொடுங்கள். பெயரை அந்தப் பக்கத்தில் உள்ள ஆங்கில எழுத்துக்களின்படி, முன்னெழுத்துச் சுருக்கம் இல்லாமல் பதியச் சொல்லுங்கள். கணினியில் பதிந்ததும் திரையைக் காட்டச் சொல்லி, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அறிக்கை வந்ததும் பிறந்த திகதி, ஆய்வுகூடத்தின் பெயரும் தெருவுடன் கூடிய முகவரியும், மாதிரி எடுத்த திகதி, சோதனை முறை, முடிவு எல்லாம் இருக்கின்றனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். கனடா இவை அத்தனையையும் கேட்கிறது. "கொழும்பு" என்று மட்டும் முகவரி போட்டிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு இலக்கமும் இருந்தால் நல்லது. திருத்தித் தருவது அவர்களுடைய கடமை, அதற்கு மேலதிகக் காசு கொடுக்காதீர்கள்.

ஊசி அட்டைக்கும் இதேதான். கையால் எழுதிய அட்டையுடன் போகாமல், சுகாதார அமைச்சின் கியூஆர் குறியீடு உள்ள சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிக்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி அச்சடித்து வையுங்கள். மின்வெட்டு நேரத்தில் போட்டோக்கொப்பிக் கடையும் வேலை செய்யாது, தொலைபேசியிலும் சார்ஜ் நிற்காது.

ஜனவரியில் கோவிட் வந்து சுகமாகிவிட்டேன். இப்போதும் பிசிஆர் பொசிற்றிவ் வருகிறது. கனடா விசா முடியப்போகிறது. (பருத்தித்துறை)

சுகமான பிறகும் சில வாரங்கள் பிசிஆர் அப்படிக் காட்டும். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்னரும் 180 நாளுக்குள்ளும் எடுத்த பொசிற்றிவ் பிசிஆர் அறிக்கையையே கனடா ஏற்கிறது. ஜனவரி அறிக்கையைத் தேடி எடுங்கள். அப்போது அன்ரிஜன் மட்டும் செய்திருந்தால் அது உதவாது. வெளிநாடு போகிற எண்ணம் உள்ளவர்கள் நோய் வந்தால் பிசிஆரையும் எடுத்துவைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

ஏஜென்சி கொழும்பு–சென்னை ஒன்று, சென்னை–லண்டன் ஒன்று என்று இரண்டு ரிக்கற் தந்தது. கட்டுநாயக்கவில் இந்திய விசா இல்லை என்று ஏற்றவில்லை. நகை அடகு வைத்த காசு. "நீங்கள் பார்த்திருக்க வேண்டும்" என்கிறார்கள். (அச்சுவேலி)

நீங்கள் பார்த்திருக்கத் தேவையில்லை. இதைப் பார்ப்பதற்குத்தான் அவர்கள் கூலி வாங்கினார்கள். தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் இறங்கி, குடிவரவு தாண்டி, பொதியை எடுத்து, திரும்பப் பதிய வேண்டும். அதற்கு விசாவும் இந்தியாவின் சுகாதாரப் படிவமும் வேண்டும். விலை குறைவு என்று இதைச் சொல்லாமல் விற்றது பெரிய அநியாயம்.

ஏன் ஏற்றவில்லை என்பதை விமான நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். பறக்காத ரிக்கற்றின் விமான நிலைய வரியைத் திருப்பிக் கேளுங்கள். கட்டணம் திரும்பாத ரிக்கற்றிலும் வரி பெரும்பாலும் திரும்பும், அது ஏஜென்சி வழியாகவே வரும் என்பதால் விடாமல் கேளுங்கள். கட்டணம் முழுவதையும் கேட்டு ஏஜென்சிக்குப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும், நாள் கடத்தாதீர்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் வங்கிச் சிட்டையும் வட்ஸ்அப் உரையாடலும் போதிய ஆதாரம். அழித்துவிடாதீர்கள்.

கனடாவிலிருந்து அண்ணா குடும்பம் கலியாணத்துக்கு வருகிறது. இங்கே என்ன வேண்டும்? (நல்லூர்)

2022 மார்ச் 1 முதல், முழுமையாக ஊசி போட்டவர்களுக்குப் புறப்பட முதல் சோதனை இல்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு என்றால் 12 டொலர் கோவிட் காப்புறுதியும் விசாவும் வேண்டும். திரும்பிப் போகத்தான் சோதனை. பொசிற்றிவ் வந்தால் 10 நாள் தங்க வேண்டிவரும், அந்தச் செலவை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். காப்புறுதி வாங்கும்போது ஆஸ்பத்திரிச் செலவு மட்டுமா, தங்குமிடமும் ரிக்கற் மாற்றும் காசும் அடங்குமா என்று கேட்கட்டும். நான் வாங்கிய ஒன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தால் மட்டுமே காசு தருகிற வகை.

பிரித்தானியாவுக்கு ரிக்கற் எடுத்தாச்சு, காசு திரும்பாது. இரண்டாவது ஊசி போட்டு விமானத்தன்று ஐந்து நாள்தான் ஆகும். அட்டையில் திகதியை மாற்றித் தர ஒருவர் இருக்கிறார். (யாழ் நகர்)

பிரித்தானியா முழுமையாக ஊசி போட்டவராக எண்ணுவதற்கு 14 நாள் கழிய வேண்டும் என்பதை ரிக்கற் எடுக்க முதல் பார்த்திருக்க வேண்டும். அந்த ஆளிடம் போகாதீர்கள், அது மோசடிக் குற்றம், பிறகு விசாவும் கிடைக்காது. மாற்றக் கட்டணம் கட்டிப் பயணத்தைப் பத்து நாள் தள்ளிப் போடுங்கள்.